அப்பாவின் கெசட்டும் ஒரு குட்டிக் கணினியும்: பழைய காருக்கு புளூடூத் வைத்த கதை

லிந்துலை தாண்டி நானுஓயா பக்கம் ஏற்றம் தொடங்கியதும் அப்பா கேட்டார்: “ஏன் தம்பி, பாட்டுக்குள்ள யாரு விசில் அடிக்கிறது?”

காதில் விழாத மாதிரி இருந்தேன். மூன்று நாளாக எனக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கியரை 2இல் போட்டு மிதித்தால் விசில் மேலே ஏறும். வளைவில் காலை எடுத்தால் கீழே இறங்கும். கார் நின்றால் மெல்லிய ரீங்காரமாகிவிடும். காருக்கு நானே புளூடூத் வைத்துவிட்டேன் என்று பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் அதற்குள் பெருமை பேசி முடித்திருந்தேன். விசிலைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கார் 2001ஆம் ஆண்டு கொரோலா, நம்மவர்கள் ‘121’ என்று சொல்வது. ஜப்பானில் ஓடி முடித்து ரீகண்டிஷனாக இங்கே வந்தது. மாற்றும் எண்ணம் இருந்தாலும் மாற்ற வழியில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் ஒரு பழைய கார் எத்தனை பேருக்குக் கைமாறியது, என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்றுதான் 2023 டிசம்பர் லீவில் இந்த வேலையில் இறங்கினேன்.

காரோடு வந்த செட்டில் கெசட் உண்டு, சிடி உண்டு, வெளியிலிருந்து வயரில் பாட்டுக் கொடுக்கும் ஓக்ஸ் ஓட்டை கிடையாது. ரேடியோவும் பாதிக்குப் பாதிதான். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90இல் முடியும்படி செட் செய்திருந்தார்கள். இங்கே நிலையங்கள் 88 முதல் 108 வரை. ஆக இரண்டுக்கும் பொதுவாகக் கிடைப்பது ஒரு சின்னத் துண்டு. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு குட்டிப் பெட்டியை அன்டனாவில் மாட்டி அதைச் சமாளிப்பார்கள், நானும் மாட்டியிருந்தேன். ஆனாலும் மலைநாட்டில் எஃப்எம் என்றால் தெரியும்தானே. கொட்டகலையில் தெளிவாகப் பாடுகிறவர் டெவன் நீர்வீழ்ச்சி வளைவில் கரகரப்பார், சென் கிளயர் தாண்டினால் இன்னொருவர் வந்து நடுவில் பேசுவார். போனில் ஸ்ட்ரீம் பண்ணலாம் என்றால் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும்.

எனக்கு வேண்டியது இரண்டு. போனில் இறக்கி வைத்த பாட்டு காரில் கேட்க வேண்டும். அப்பாவின் கெசட்டுகளும் கேட்க வேண்டும்.

அந்தக் கெசட்டுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று விளங்காது. நாற்பது சொச்சம் இருந்தன. பாதி பூசணம் பிடித்தவை. முருகன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு என்று எங்கும் கிடைப்பவைதான் அதிகம். ஒன்று மட்டும் எங்கும் கிடைக்காது. தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம் தோட்டத்துக் காமன் பொட்டலில் நடந்த காமன் கூத்தை, அதாவது சிவன் மன்மதனை எரிக்கும் கதையை ஆடும் கூத்தை, அப்பா டேப் ரெக்கோர்டரைத் தரையில் வைத்துப் பதிந்திருக்கிறார். 90 நிமிடக் கெசட், ஒரு பக்கம் 45 நிமிடம். தப்பு என்ற பறையின் சத்தம், நாய் குரைப்பு, யாரோ ஒருவர் இருமுவது எல்லாம் அதில் உண்டு. அதைக் காரின் கெசட் செட்டில் போட எனக்குப் பயம். நாடாவைத் தின்றுவிட்டால் வேறு பிரதி இல்லை. வீட்டு டேப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்து, கணினியில் ஒடாசிட்டி என்ற மென்பொருளில் பதிந்து, எம்பி3 ஆக்கினேன். அந்த வேலைக்கே ஒரு தவணை லீவு போனது.

இனிக் கணினி. நான் எடுத்தது ரஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ, சுருக்கமாக ‘பை’. 2017இல் வெளிவந்தபோது விலை 10 டொலர். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் என் கைக்கு வந்தபோது அது மூன்று மடங்கு. சுவிங்கம் பக்கெட் அளவுப் பலகையில் வைஃபை, புளூடூத் இரண்டும் உண்டு, ஹெட்ஃபோன் ஓட்டை மட்டும் இல்லை. அதனால் டிஜிட்டலைச் சத்தமாக மாற்ற பிசிஎம்5102ஏ சிப் வைத்த மலிவான டக் போர்ட் ஒன்றும் வாங்கினேன். பையின் 12, 35, 40ஆம் இணைப்புக் கால்களிலிருந்து மூன்று வயர், கரண்டுக்கு இரண்டு வயர், சோல்டர் வேலை அவ்வளவுதான். எஸ்சிகே என்று எழுதியிருக்கும் காலைக் கிரவுண்டோடு சேர்க்க மறக்க வேண்டாம். நான் மறந்து ஒரு மாலை முழுக்க மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மென்பொருளை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரஸ்பெரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பு. கொன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், டக் போர்டை அடையாளம் காட்டும் ஹைஃபைபெரி டக் ஓவர்லேக்கு ஒரு வரி, இந்த மலிவு போர்டும் அதிலேயே பாடும். புளூஸ்-அல்சா என்ற மென்பொருளைப் போட்டால் பை ஒரு புளூடூத் ஸ்பீக்கராக மாறிவிடும். பின் நம்பர் கேட்காமல் போனைச் சேர்க்க ஏஜன்ட் என்ற ஒரு சின்ன நிரல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: லினக்ஸில் புளூடூத் மற்றவர்கள் கண்ணில் படுவது 180 விநாடிதான், அதன்பின் தானாக மறைந்துவிடும். “நேத்து வந்துச்சு, இன்னைக்குக் காணோமே” என்பதற்குக் காரணம் அதுதான். அந்த நேரத்தைப் பூச்சியமாக்கினால் எப்போதும் தெரியும்.

எப்போதும் தெரிவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் அருகே டிராஃபிக்கில் நின்றபோது முருகன் பாட்டு நின்று ஏதோ ஒரு சிங்கள பைலா வெடித்தது. காருக்கு நான் வைத்திருந்த புளூடூத் பெயர் ‘அப்பா கார்’. பக்கத்து பஸ்ஸிலிருந்த யாரோ ஒரு பொடியன் பட்டியலில் பார்த்து அமுக்கியிருக்கிறான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் எங்கள் போன்களை மட்டும் சேர்த்துவிட்டுப் பெயரை மறைத்தேன்.

தம்பியின் ஐஃபோனுக்காக ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருளைப் போட்டு, ஐஃபோன் பாட்டை வைஃபை வழியாக அனுப்பும் ஏர்ப்ளேயும் முயன்றேன். வேலை செய்தது. ஆனால் இந்தப் பலகையில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே அன்டனா, ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ். வைஃபை பேச வாயெடுத்தால் புளூடூத் பாட்டு விக்கும். ஐஃபோனும் புளூடூத்தில் நன்றாகவே பாடுகிறது. காருக்குள் வைஃபை எதற்கு? அணைத்துவிட்டேன், விக்கலும் நின்றது.

மேசையில் இவ்வளவும் ஒரே ராத்திரியில் முடிந்தது. காருக்குள் போனதும் எட்டு மாதம் இழுத்தது.

முதலில் செட்டுக்குள் சத்தத்தைக் கொண்டுபோக வேண்டும். சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போட்டேன். கொட்டகலையில் காலியாக இருந்த அலைவரிசையில் தலவாக்கலையில் ஒரு நிலையம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் மாற்றிக்கொண்டு கார் ஓட்ட முடியாது. அடுத்து, வயர் வால் வைத்த கெசட் அடப்டர். எங்கள் செட்டோ ஓட்டோ ரிவர்ஸ். அடப்டருக்குள் நாடா இல்லை, சக்கரம் இழுபடவில்லை, பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து செட் பத்து விநாடிக்கொருமுறை டக் டக்கென்று திரும்பிக்கொண்டேயிருந்தது. கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஓக்ஸ் உள்ள பழைய செட் ஒன்றை வாங்கி வந்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். மற்ற இரண்டுக்கும் கொடுத்த காசு இதன் விலையில் அரைவாசிக்கு வந்திருக்கும்.

செட்டை மாட்ட எங்கள் டவுன் வயரிங் பாஸிடம் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்து, “சேர், இது ரேடியோவா கம்ப்யூட்டரா?” என்றார்.

“ரெண்டுந்தாண்ணே.”

“சேர் படிச்சவங்க. ஆனா கிரவுண்ட எங்க குடுத்தீங்க?”

விசில் விஷயம் அந்தக் கேள்வியிலேயே முடிந்திருக்க வேண்டியது. எனக்கு அப்போது விளங்கவில்லை. பையின் கரண்டைச் சிகரெட் லைட்டர் ஷொக்கெட்டிலிருந்து எடுத்திருந்தேன், அதன் கிரவுண்ட், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வயர், ஓரிடத்தில் காரின் பொடியை (தகர உடலை) தொடுகிறது. பாட்டு வயரின் கிரவுண்ட் செட் வழியாக இன்னோரிடத்தில் தொடுகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவில் துளியளவு வோல்ட் வித்தியாசம் உண்டு. அல்டர்நேட்டரின் அலை அந்த வளையத்தில் புகுந்து பாட்டு வயரில் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் இஞ்சின் சுற்று ஏறினால் விசிலும் ஏறியது.

சந்தேகம் இருந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. பையைக் காரின் கரண்டிலிருந்து கழற்றிப் பவர்பேங்கில் மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். விசில் காணாமல் போனால் கிரவுண்ட் வளையம்தான். அப்படியே இருந்தால் செட்டிலோ அல்டர்நேட்டரிலோ கோளாறு. எனக்குப் பவர்பேங்கில் மாட்டியதும் கார் கோயில் மாதிரி அமைதியானது.

பாஸ் சொன்னபடி 12 வோல்ட்டை 5 ஆக்கும் சின்ன கன்வேர்டரின் கிரவுண்டை செட் பெட்டியின் அதே திருகுக்குக் கொண்டுவந்தேன். முக்கால்வாசி விசில் அதிலேயே போனது. மிச்சத்துக்கு ஓக்ஸ் வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன உருளை. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்போர்மர், பாட்டு காந்தத்தால் தாண்டிப் போகும், கிரவுண்ட் தாண்டாது. மிக மலிவானதை வாங்கினால் அடித்தொண்டைச் சத்தம் மெலியும். முதல் உருளையில் தப்பு தகர டப்பா மாதிரிக் கேட்டது. இரண்டாவது பரவாயில்லை.

தப்பு இன்னொன்றையும் காட்டிக் கொடுத்தது. சினிமாப் பாட்டில் தெரியாத ஒரு உடைசல் கூத்துப் பதிவில் ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். காரணம், அந்த டக் சிப் உச்சத்தில் 2.1 வோல்ட் கொடுக்கும். பழைய செட்டின் ஓக்ஸ் அவ்வளவு தாங்காது, சத்த அலையின் உச்சி வெட்டுப்படும். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைப் பாதியாக்கினேன். அடி திரும்பவும் உருண்டையாக விழுந்தது.

பையின் மென்பொருள் இருக்கும் மெமரி கார்ட் சாவதுதான் எல்லாவற்றையும் விடத் தலைவலி. இரண்டு மாதத்தில் மூன்று மெமரி கார்ட் போனது. திடீரென்று கரண்டை நிறுத்தினால் எழுதிக்கொண்டிருக்கும் கார்ட் கெட்டுப்போகும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் கார் நிற்கும்போதுதான் கரண்டு போகிறது என்று நான் நினைத்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இஞ்சின் ஓடாமலே ரேடியோ பாடும் அக்சசரி நிலைக்குச் சாவியைத் திருப்பியதும் பை எழும்பத் தொடங்கும். ஸ்டார்ட்டுக்குத் திருப்பும் அந்த ஒரு விநாடி, பெட்டரியின் முழுப் பலமும் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும் என்று அக்சசரி வயரைக் காரே வெட்டிவிடும். பிறகு திரும்பக் கொடுக்கும். அதாவது ஒவ்வொரு காலையும் பாதி எழும்பின பையை அடித்துப் படுக்கவைத்து மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தேன். பெரிய பை மொடல்களில் வோல்ட் குறைந்தால் எச்சரிக்கும் சுற்று உண்டு, ஸீரோவில் அதுவும் இல்லை. சொல்லாமல் செத்துவிடும்.

எப்போதும் கரண்டு வரும் வயரில் மாட்டிவிட்டால் என்ன என்று யோசித்தேன். சும்மா இருக்கும் பை அரை வாட் சொச்சம்தான் குடிக்கிறது. சின்னதுதானே என்று விட்டுவிட்டுக் கொழும்பில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனேன். கணக்கை முதலே போட்டிருக்க வேண்டும். கன்வேர்டர் நட்டத்தையும் சேர்த்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய 0.06 அம்பியர், நாளைக்கு 1.4 அம்பியர் மணி, பதினான்கு நாளில் 20. என் பெட்டரி 45, அதுவும் மூன்று வருடம் பழையது, வெளியே விடியற்காலைப் பனி. வந்து சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’ மட்டும். ஓட்டோ கியர் என்பதால் பள்ளத்தில் உருட்டிவிட்டும் ஸ்டார்ட் பண்ண முடியாது. மரக்கறி ஏற்ற வந்த டிமோ பட்டா லொறிக்காரர் ஜம்பர் வயர் கொடுத்து உதவினார். “ரேடியோவ அணைக்க மறந்துட்டீங்களா சேர்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இப்போது இருப்பது இதுதான். கரண்டு அக்சசரியிலிருந்து. மெமரி கார்ட் எழுதவே முடியாதபடி பூட்டியிருக்கிறது. பையின் அமைப்புகளை மாற்றும் ரஸ்பி-கொன்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று இருக்கிறது. அதைப் போட்டால் எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவுக்குத்தான் போகும், கார்டில் கை வைக்காது. எப்போது கரண்டு போனாலும் பயமில்லை. அதற்குப் பிறகு ஒரு கார்ட்கூடச் சாகவில்லை. அக்சசரியை உணர்ந்து ஒழுங்காக அணைத்துவிட்டுத் தானே கரண்டை வெட்டிக்கொள்ளும் சுற்றுகளும் உண்டு, நேரமுள்ளவர்கள் செய்யலாம். எனக்கு இது போதும்.

பூட்டுவதற்கு முன் எல்லாப் போனையும் சேர்த்து, எல்லாப் பாட்டையும் ஏற்றி, ஒரு தடவை அணைத்துப் போட்டுச் சரிபாருங்கள். பூட்டிய பிறகு சேர்க்கும் போனைப் பை அன்றே மறந்துவிடும். ஆனால் போன் மறக்காது, பழைய சாவியை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே நிற்கும். மச்சான் இப்படி ஒரு வாரம் என்னைத் திட்டினார். போனில் பெயரை அழித்துவிட்டு, கார்டின் பூட்டைத் திறந்து, திரும்பச் சேர்த்துப் பூட்டினால்தான் தீரும்.

பெட்டி விஷயத்தில் நான் செய்த புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பனிக்குப் பாதுகாப்பு, பார்க்கவும் அழகு என்று ஒரு தேயிலை டின்னுக்குள் பையை வைத்து மூடினேன். மூடியதும் பாட்டு நின்றது, திறந்தால் வந்தது. தகரத்துக்குள் ரேடியோ அலை எப்படிப் போகும்? அறிவியல் பாடம் எடுக்கிறவன் நான். இப்போது அது பிளாஸ்டிக் சோப்புப் பெட்டியில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

புளூடூத் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம். ஓக்ஸில் செருகும் விரலளவு ரிசீவர் கடையில் தொங்குகிறது, அதை வாங்கி ஐசொலேட்டர் போட்டுக்கொள்ளுங்கள். பை வைத்ததில் எனக்குக் கிடைத்தது, எந்தப் போனும் இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் அதுவே அப்பாவின் கெசட்டுகளைப் பாடத் தொடங்குவது.

அதிலும் ஒரு குறை இருக்கிறது. கார்ட் பூட்டியிருப்பதால் நேற்று எந்த இடத்தில் விட்டது என்று பைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பட்டியலின் முதல் கோப்பிலிருந்துதான் தொடங்கும். முதல் கோப்பு காமன் கூத்து. எழுதக்கூடிய சின்னப் பகுதி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும், அரை மணி நேர வேலை. அப்பாவோ நான் அவருக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் அந்த வேலையை இன்னும் செய்யவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அவரை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். தோட்டத்திலிருந்து அங்கே நாற்பது நிமிடம். கெசட்டின் ஒரு பக்கம் 45. மன்மதனை எரிக்கும் இடம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வரும்போது வரும், ரதி அழும் இடம் கார் நின்ற பிறகுதான். சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி அக்சசரியில் விடுகிறேன், இஞ்சின் நிற்கும், பாட்டு நிற்காது. கிளினிக் நம்பர் எடுக்க நேரமாகிறது என்று சொன்னால், “போய் எடு, நான் வாரேன்” என்பார்.